டெஸ்டோஸ்டிரோன் ஈடுசெய் சிகிச்சை

ஆண்களின் உடலில் குறைந்துபோன டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீரை ஊசி, தோலில் பூசும் களிம்பு, ஒட்டுப்பட்டை முதலியவற்றால் வெளியிலிருந்து அளிக்கும் மருத்துவம். நடுவயதுக்குப் பின் இச்சுரப்பு ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைவது இயல்பு, அதுமட்டுமே நோயாகாது.

இளமையை மீட்கும் ஆசை பழையது. 1889இல் பாரிசில், 72 வயது உடலியலாளர் பிரௌன்-செக்கார் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, வலிமை திரும்பியதாக அறிவித்தார். நீரில் எடுத்த அச்சாற்றில் இயக்குநீர் ஏறக்குறைய இல்லை. வேலை செய்தது அவருடைய நம்பிக்கைதான். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லக்கேர் குழுவினர் காளையின் விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் வேதியியலாளர்கள் பூட்டனாண்டும் ருசிக்காவும் தனித்தனியே அதைச் செயற்கையாக உருவாக்கினர்.

அறிகுறிகளோடு, வெவ்வேறு நாள்களில் காலையில் எடுத்த இரு இரத்தப் பரிசோதனைகளிலும் அளவு குறைந்திருந்தால்தான் சிகிச்சை பொருந்தும். 'களைப்பா? ஊசி போடுங்கள்' என்னும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. பாலுணர்வு ஓரளவு மேம்படும். 65 வயது கடந்தோரிடம் நடந்த ஆய்வுகளில் நினைவாற்றல் கூடவில்லை.

இச்சிகிச்சை மாரடைப்பைத் தூண்டுமோ என்ற அச்சம் நெடுநாள் நீடித்தது. 5,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2023இல் வெளியான 'டிராவர்ஸ்' ஆய்வு, மாரடைப்பும் பக்கவாதமும் போலிமருந்துக் குழுவைவிட மிகவில்லை என்றது; ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடின. சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிக்கலாம். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை. விந்தணு உற்பத்தியும் ஒடுங்கும் என்பதால், பிள்ளைப்பேற்றை நாடுவோர் இதைத் தவிர்க்க வேண்டும்.