கோலார் தங்கவயலின் மட்டக்குதிரைகளும் குளம்பு சீவும் தொழிலும்

முன்னுரை

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் நிலத்திற்குக் கீழே நிகழ்ந்தவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மூவாயிரம் மீட்டருக்கும் கூடுதலான ஆழத்திற்கு இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கமும், வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளரும் அவ்வரலாற்றின் நடுவிடத்தைப் பெற்றமை இயல்பே. எனினும், சுரங்க வாயில் வரை ஆளையும் பொருளையும் கொண்டு சேர்த்த மேல்நில வாழ்க்கை ஒன்றும் அங்கு இருந்தது. ஜட்கா வண்டியும் அதனை இழுத்த மட்டக்குதிரையும் அவ்வாழ்க்கையின் ஒரு கூறு. அக்குதிரையின் குளம்பைச் சீவி லாடம் கட்டிய தொழிலாளியின் அறிவு எத்தகையது, அது சொல்வழக்கில் எவ்வாறு மறைந்து நின்றது, தொழில் அருகும்போது அதனோடு எது அழிகிறது என்பனவற்றை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

சொல்லும் தொழிலும்

குளம்பு என்பது தமிழின் பழஞ்சொல். மலையாளத்தில் குளம்பு எனவும் கன்னடத்தில் கொளகு எனவும் அதன் இனச்சொற்கள் வழங்குகின்றன. லாடம் என்பதோ அத்தகையதன்று. லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. இச்சொல்லை இலாடம் என இகரம் சேர்த்து எழுதும் வழக்கும் அதன் அயன்மையைக் காட்டும். கன்னடத்தில் லாள, தெலுங்கில் லாடமு என வழங்கும் சொற்களோடு இதனை ஒப்புநோக்கலாம். உருதுவில் நால் என்பது லாடத்தையும், நால்பந்த் என்பது அதனைக் கட்டுவோரையும் குறிக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே கடைத்தெருவில் ஒலித்த தங்கவயலில் இச்சொற்கள் அனைத்தும் அருகருகே வழங்கியிருக்க இடமுண்டு.

சொல்லின் அயன்மை பொருளின் வரலாற்றோடும் இயைந்து வருகிறது. ஆணி அறைந்து பொருத்தும் இரும்பு லாடம் இந்தியாவில் இடைக்காலத்தில், குறிப்பாகத் துருக்கியப் படைகளின் வருகையை ஒட்டிப் பரவியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஆனால் குளம்பு, லாடம் வருவதற்கு முன்னும் வளர்ந்தது. அதனைச் சீவ வேண்டிய தேவையும் முன்பே இருந்தது. அவ்வகையில் சீவுதல் மூத்த தொழில். லாடம் கட்டுதல் இளைய தொழில். வழக்கிலோ இளையது மூத்ததை விழுங்கிவிட்டது. குளம்பைச் சீவிச் சமன்செய்தல், இரும்பைப் பொருத்தி ஆணி அறைதல் என்னும் இரு வேலைகளும் லாடம் கட்டுதல் என்னும் ஒரே பெயரால் வழங்கலாயின. கண்ணுக்குத் தெரிந்த இரும்பு பெயரைப் பெற்றது. உதிர்ந்து மண்ணில் கலந்த குளம்புச் சீவல் பெயர் பெறவில்லை.

பழைய சான்றுகளில் குளம்பு

சங்கப் பாடல்கள் குதிரையின் விரைவையும் தோற்றத்தையும் விரித்துப் பேசுவன. பிடரி மயிரைக் கத்தரித்து ஒழுங்கு செய்தமை அவற்றில் மீண்டும் மீண்டும் அடையாகவே வருகிறது. கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை குறிக்கிறது. மாணிக்கவாசகர் வரலாற்றில் இறைவனே குதிரை வணிகனாக வருகிறான். இவை குதிரையின் வரவையும் பொலிவையும் காட்டுவன. அதனைப் பேணியோரின் கைத்தொழிலைப் பெரிதும் காட்டுவன அல்ல.

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இவ்விடத்தில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்றைத் தருகிறார். மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. பேணும் முறை அறிந்தோரும் லாடத் தொழிலாளரும் இங்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்கிறார். குதிரை விற்கும் வணிகர்கள் அத்தொழிலாளரைத் தம்மோடு அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுக்கின்றனர். குதிரைகள் மடிந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்பனை நடைபெறும் என்பது அவர் தரும் விளக்கம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் வந்ததாகக் கூறி, அவற்றைப் பேணிய முறையைக் குறை கூறுகிறார்.

இக்கூற்றுகளை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. வெப்பமும் பழக்கமில்லாத தீனியும் குதிரைகளின் இறப்புக்குக் காரணமாகியிருக்கலாம். அயலார் கூற்றில் மிகையும் உண்டு. எனினும் குதிரையை விற்பவன் குளம்பறிவை விற்பதில்லை என்னும் வணிக உண்மை அவற்றுள் பொதிந்துள்ளது. அறிவின் குறைக்கு விலையாகப் பொன் கடல் கடந்தது.

குதிரை நூல்கள் இந்நாட்டில் இல்லாமலில்லை. நகுலர் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் வண்ணப் படங்களுடன் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தால் 1952இல் வெளியிடப்பட்டது. சாலிஹோத்திரர் பெயரிலிருந்து பிறந்த சலோத்ரி என்னும் சொல் ஆங்கிலேயர் காலப் படைகளில் குதிரை மருத்துவரைக் குறித்தது. ஆயினும் ஏட்டறிவு வேறு, உளி பிடித்த கையின் அறிவு வேறு. பின்னது தந்தையிடமிருந்து மகனுக்குப் பார்வையால் சென்றது.

தங்கவயலும் வண்டிப் போக்குவரத்தும்

1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் மாரிக்குப்பம், உரிகம் பகுதிகளில் பொன் கிடைப்பதை ஆராய்ந்தார். அவரது அறிக்கையைப் படித்த மைக்கேல் லாவெல் 1871இல் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டியில் கோலார்ப் பகுதிக்குச் சென்று, 1875இல் சுரங்க உரிமம் பெற்றார். 1880க்குப் பின் ஜான் டெய்லர் நிறுவனத்தின் பொறுப்பில் ஆழச் சுரங்கம் தொடங்கியது. பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து கிளை இருப்புப்பாதை 1894இல்தான் வந்தது. அதற்கு முன், இருப்புப்பாதை நிலையத்திற்கும் சுரங்கத்திற்கும் இடையிலான தொலைவை வண்டிகளே கடந்தன. காளைக்குப் பிளவுபட்ட குளம்பாதலால் ஒரு காலுக்கு இரண்டாக எட்டுத் தகடுகள் வேண்டும். குதிரைக்கு நான்கு போதும். ஆகவே தங்கவயலின் முதற் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் லாடத்தின்மேல் நகர்ந்தவை எனலாம்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இருப்புப்பாதையும் மின்சாரமும் பெருஞ்சுமையை விலங்குகளிடமிருந்து அகற்றின. ஆனால் நிலையத்திலிருந்து தொழிலாளர் லைன்களுக்கும், லைன்களிலிருந்து ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதிகளுக்கும் செல்லும் சிறுதொலைவுப் பயணம் எஞ்சியது. அவ்விடத்தை ஜட்கா நிரப்பியது. ஒற்றைக் குதிரை இழுக்கும் இரு சக்கர வண்டிக்கு உயர்ந்த சாதிக் குதிரை வேண்டியதில்லை. விலை குறைந்த, தீனி குறைந்த, மேடுபள்ளத்தில் தளராத மட்டக்குதிரையே ஏற்றது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஷெட்லாண்ட் முதலிய சிறுகுதிரைகள் நிலத்தடியிலேயே வண்டி இழுத்தன. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் பராமரிப்புக்கும் விதிகள் வகுத்தது. அவை சுரங்க நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. தங்கவயலின் மட்டக்குதிரையோ தெருவுக்குரியது. அதனை ஓட்டியவரும் அதற்கு லாடம் கட்டியவரும் சுரங்கக் கூலிப்பட்டியலுக்குப் புறத்தே நின்று பிழைத்தவர்கள்.

குளம்பு சீவும் முறை

குதிரையின் குளம்பு மாதத்திற்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். ஆதலால் ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை அதனைச் சீவுதல் வேண்டும். தேர்ந்த தொழிலாளி முதலில் கத்தியை எடுப்பதில்லை. குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கிறார். கால் எவ்வாறு ஊன்றுகிறது, எந்தப் பக்கம் மிகுதியாகத் தேய்ந்துள்ளது என்பவற்றை நடையே சொல்லிவிடும். பின்னர்க் காலைத் தூக்கி, அடியில் அடைந்த மண்ணையும் சாணத்தையும் அகற்றி, உலர்ந்து செதிலாய் நிற்கும் அடித்தோலை மட்டும் சீவுகிறார். நடுவிலுள்ள முக்கோண வடிவான மெத்தைப் பகுதியைத் தேவையின்றித் தொடுவதில்லை. அது நிலத்தின் தாக்கத்தை ஏற்கும் உறுப்பு. அதன்பின் நீண்ட விளிம்பைக் குறடால் வெட்டி, அரத்தால் சமன்செய்கிறார். முன்புறம் நின்று நோக்கும்போது குளம்பின் இரு பக்கமும் ஒத்த உயரமும், பக்கவாட்டில் நோக்கும்போது குளம்பின் முன்முகமும் அதற்கு மேலுள்ள எலும்பின் சாய்வும் ஒரே கோட்டில் அமைதலும் நல்ல வேலைக்கு அடையாளம்.

முன்நுனி நீண்டுவிட்டால் காலின் பின்புற நரம்புக்கயிறு இழுபடும். குதிகால் உயர்ந்துவிட்டால் எடை முன்னோக்கிச் சாயும். மட்டக்குதிரையில் இவ்வேலை மேலும் நுட்பமானது. பெரிய குதிரையின் அகன்ற குளம்பில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுப் பிழை, உள்ளங்கையளவே உள்ள சிறுகுளம்பில் காலின் சாய்வையே மாற்றிவிடும். பெரிய குதிரையின் காலைத் தூக்குவது போல இதன் காலை உயர்த்தினால் மூட்டு வலிக்கும். தொழிலாளியே மண்டியிட்டு இறங்க வேண்டும். மேலும், சிறுகுதிரை மிகுதீனியால் குளம்பின் உட்பகுதியில் அழற்சி கொள்ளும் இயல்புடையது. நாட்பட்டால் குளம்பு வளைந்து மேல்நோக்கி நீளும். அந்நிலையில் சீவுதல் அழகுபடுத்தும் வேலையன்று. குதிரை நிற்பதா விழுவதா என்பதை முடிவு செய்யும் வேலை.

இரு கணக்குகள்

லாடம் தேய்வது ஒரு கணக்கு. குளம்பு வளர்வது மற்றொரு கணக்கு. சரளைக் கற்கள் நிறைந்த சாலையில் நாள்தோறும் ஓடிய ஜட்காக் குதிரையின் லாடம் விரைவில் தேய்ந்தது. தேய்ந்த லாடத்தோடு வண்டி ஓட்ட இயலாது. குதிரை வழுக்கும், வருவாய் கெடும். எனவே வண்டிக்காரர் லாடம் மாற்ற வந்தார். லாடத்தைக் கழற்றியதும் தொழிலாளி குளம்பைச் சீவினார்; சீவாமல் புதியதைப் பொருத்த முடியாது. வண்டிக்காரர் கூலி கொடுத்தது இரும்புக்கு. அதனுள் அடங்கிக் கிடைத்தது குளம்புப் பராமரிப்பு. இவ்வாறு ஒரு கணக்கு மற்றொன்றை அறியாமலே நடத்திச் சென்றது.

இதனால் பெறப்படுவது யாதெனில், மட்டக்குதிரையின் கால்நலம் அதன் உழைப்போடு பிணைந்திருந்தது என்பதாகும். உழைப்பு நின்றால் லாடம் தேயாது. லாடம் தேயாவிடில் உரிமையாளர் வாரார். ஆனால் குளம்பு நில்லாமல் வளரும். உழைப்புக் கடுமையால் குதிரை துன்புற்றதை மறுப்பதற்கில்லை. எனினும் ஓய்வும், கவனிப்பார் இல்லாதபோது, அதே காலுக்குத் தீங்காகிறது.

தொழிலின் மறைவு

ஆட்டோ ரிக்‌ஷாவும் பேருந்தும் பெருகப் பெருக ஜட்கா தென்னிந்திய நகரங்களிலிருந்து விலகியது. தங்கவயலும் அதற்கு விலக்கன்று. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நகரின் உழைக்கும் மக்கள் பல்லாயிரவர் நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். சுரங்கத் தொழிலாளியின் வேலையிழப்பு வழக்குகளிலும் போராட்டங்களிலும் பதிவாகியுள்ளது. லாடத் தொழிலாளியின் வேலையிழப்புக்கு அத்தகைய ஆணையோ நாளோ இல்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவராக வாராமற்போனதே அதன் வரலாறு.

குதிரைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. உதகை, கொடைக்கானல், சென்னைக் கடற்கரை ஆகிய இடங்களில் அவை சிறுவரைச் சுமக்கின்றன. திருமண ஊர்வலங்களில் நிற்கின்றன. செல்வர் பண்ணைகளில் அயல்நாட்டுக் குள்ளக் குதிரைகளும் வளர்க்கப்படுகின்றன. மென்மண்ணிலும் புல்வெளியிலும் நிற்கும் இவற்றின் குளம்பு போதிய அளவு தேய்வதில்லை. விலங்கைப் பேணும் கடமையை அதன் உரிமையாளர்மீது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சுமத்துகிறது. 1903இல் சென்னையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்வி நோயைத் தீர்க்கும் மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. ஆனால் இருமாதத்திற்கு ஒருமுறை மண்டியிட்டுக் குளம்பு சீவும் கை சட்டத்தாலும் பட்டத்தாலும் மட்டும் உருவாவதன்று. மார்க்கோ போலோ சுட்டிய நிலை வேறொரு வகையில் மீள்கிறது: குதிரை வந்து சேர்கிறது; குளம்பறிந்தவர் உடன் வருவதில்லை.

முடிவுரை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) லாடத்திற்குப் பொருள் தந்துள்ளது. இன்றைய பேச்சுவழக்கில் லாடம் கட்டுதல் என்பது காவல் நிலையத்தில் உள்ளங்காலில் அடிப்பதைக் குறிக்கும் கொச்சையாகவும் வாழ்கிறது. தொழில் அருகிய இடத்தில் அதன் பெயர் வன்முறையின் பெயராக எஞ்சியிருப்பது எண்ணத்தக்கது. உண்மையில் அத்தொழில் விலங்கின் காலை வலியிலிருந்து காத்த தொழில்.

கோலார் தங்கவயலின் ஜட்காக் குதிரைகளை நோக்கும்போது, ஒரு தொழிலின் பெயர் அதன் உயிர்ப்பகுதியை மறைத்துவிடக்கூடும் என்பது புலனாகிறது. இரும்புக்குத் தேவை குறைந்ததும் அதனுள் மறைந்திருந்த குளம்பறிவும் தேவையற்றதாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டது. ஆதலால் தொழிற்சொற்களைத் தொகுப்போர் கருவியின் பெயரோடு நின்றுவிடாது, எதைச் சீவ வேண்டும், எதைத் தொடலாகாது, எப்போது நிறுத்த வேண்டும் என்னும் செயல்முறைச் சொற்களையும் தொகுத்தல் வேண்டும். முதிய ஜட்காக்காரர்களும் லாடத் தொழிலாளரும் வாழும் காலத்திலேயே தங்கவயல், ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை ஆகிய ஊர்களில் இப்பணி மேற்கொள்ளப்பட வேண்டும். அது சொல்லாய்வுக்கு மட்டுமன்றி, இன்று மென்மண்ணில் நின்று குளம்பு நீளும் சிறுகுதிரைகளுக்கும் பயன் தரும்.