அல்சேஷன் குட்டிக்கு வீடு தேடுறேன்

ரோட்டோரம் யாரோ விட்டுட்டுப் போன அல்சேஷன் குட்டி இப்போ நம்ம தோட்டத்துல. டவுன்ல ஃபிளாட்காரங்க மூணு பேர் கேட்டாங்க. தரலை.

இது ஜெர்மனி ஆட்டுக்காரர்களின் நாய். வேலியில்லாத வயல்களுக்கு நடுவே மந்தை மேயும்போது, ஆடு பயிர்ல வாய் வைக்காம வரப்போரமா நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கும். நடமாடும் வேலின்னு வைங்களேன்! 1899இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி அப்படியொரு நாயை வாங்கித்தான் இந்த இனத்தைப் பதிவு செய்தார். போலீஸ் வேலையெல்லாம் பிறகு வந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் 'ஜெர்மன்' என்ற சொல்லே கசந்துபோய், பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர்தான் அல்சேஷன்.

இதை பால்கனியில் கட்டிப்போட்டா சோபாவைத்தான் கடிக்கும். செம்மறி வச்சிருக்கிற பக்கத்து ஊர் அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்கார். நம்ம வெயிலை இந்த முடி தாங்கணுமே! அவர் கிணத்தடியில் நல்ல நிழல் இருக்காம். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கணும்.