நீருக்கடியில் ஒரு கடைவீதி

மலையகத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் பத்திரிகை அலுவலகங்களுக்குத் தவறாமல் ஒரு செய்தி வந்து சேரும். மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் தாழ்ந்து, பழைய மஸ்கெலியா நகரம் வெளியே தெரிகிறது என்பதே அச்செய்தி. கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்களைப் படம்பிடித்து அனுப்புவார்கள். நாமும் படத்தைச் சற்றுப் பெரிதாகவே போடுவோம். மழை பெய்ததும் நகரம் மறைந்துவிடும். அதனுடன் செய்தியும் மறைந்துவிடும்.

ஒரு சிற்றூரில் மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் அருகருகே அமைந்தது எப்படி என்று எவரும் கேட்பதில்லை. விடை எளிது. அங்கே ஒரு கடைவீதி இருந்தது.

தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். துரைமார் எழுதினர், தொழிற்சங்கவாதிகள் எழுதினர், ஆய்வாளர்களும் எழுதினர். கடைவீதிகளின் வரலாற்றையோ எழுதுவார் அரிது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையில் தோட்டத்துக்கு வெளியே இருந்த ஒரே உலகம் கடைவீதிதான்.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டில் நகரம் என்று சொல்லத்தக்கவை சிலவே. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ரயில் பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் அட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. தோட்டங்களின் விளைபொருளை இறக்குவதற்காகப் போடப்பட்ட பாதை அது. இறங்கும் வண்டி ஏறும்போது அரிசியையும் கருவாட்டையும் துணியையும் ஏற்றிவந்தது. நிலையத்தைச் சுற்றிக் கடைகள் எழுந்தன. அட்டனிலிருந்து பிரிந்த வண்டிப்பாதைகள் வழியே டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று சிறு கடைவீதிகள் முளைத்தன.

கடை வைத்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளரைப் போலவே கடல் கடந்து வந்தவர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்த வணிகர்கள் பலசரக்கும் புடவையும் விற்றனர். தமிழ் முஸ்லிம்களும் சிங்களவரும் யாழ்ப்பாணத்தாரும் அவர்களுக்கு அயற்கடைக்காரர்களாயினர். மஸ்கெலியாவிலோ சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டால் நல்லதண்ணி வழியாக மலையேறும் யாத்திரிகர் கூட்டமும் வந்து சேரும்.

இனி, கடை என்பது தொழிலாளிக்கு என்னவாக இருந்தது என்று பார்ப்போம். தோட்டத்துக்குள் அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கி, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போனால் கடனும் அவனுடன் சென்றது. இம்முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்தது. துரையின் அனுமதியின்றி ஒருவன் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துவிட்டு நாலு வார்த்தை பேசக்கூடிய இடம் கடைவீதியில் மட்டுமே இருந்தது. அங்கே அவன் கூலியாள் அல்லன், வாடிக்கையாளன். கடையிலும் அவனுக்குக் கடன் இருந்தது உண்மையே. பற்றுப் புத்தகத்தில் விலையைக் கூட்டி எழுதிய முதலாளிகளும் இருந்தார்கள். ஆனால் ஒரு கடைக்காரர் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். அடுத்த துரையிடம் அவ்வளவு எளிதில் போக முடியாது.

வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது தடைப்பட்டிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் புகுந்தார் என்பது மலையகத்தார் அறிந்த கதை. தஞ்சாவூரிலிருந்து வந்த அந்தப் பத்திரிகையாளர் 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். துரைமார் கண்ணுக்குப் புடவை மூட்டை ஆபத்தாகத் தெரியவில்லை. மலையகத் தொழிற்சங்க இயக்கத்துக்கு வழிதிறந்தது ஒரு வியாபாரியின் வேடம் என்பதை நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும்.

1947 தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் ஜி.ஆர். மோத்தாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. தொழிலாளி மட்டுமல்லன், இந்தியாவிலிருந்து வந்த கடை முதலாளியும் அந்நியனானான். தற்காலிக வதிவிட அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்தே பலர் கடை நடத்தினர்.

இந்த நிலையில்தான் அணை வந்தது. மஸ்கெலி ஓயாவை மறித்து 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, பழைய நகரம் நீருக்குள் போயிற்று. கடைகள் மேட்டு நிலத்துப் புதிய மஸ்கெலியாவுக்கு இடம்பெயர்ந்தன. நாட்டுக்கு மின்சாரம் தேவைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் காலத்தைக் கவனியுங்கள். 1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டிருந்தது. கடைக்காரர் மேட்டில் புதிய கடையைத் திறந்தபோது, அவருடைய வாடிக்கையாளர்கள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். அணை கடையைப் பெயர்த்தது. ஒப்பந்தம் வாடிக்கையாளரைப் பெயர்த்தது.

தலைமன்னாருக்குச் சென்ற அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அக்கரை சேர்ந்தவர்களில் பெருந்தொகையினருக்கு மறுவாழ்வு என்று கிடைத்தது வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடம், கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றது அரசாங்கம். கடையின் ஒரு பக்கத்தை மட்டுமே அறிந்தவர்கள் அவர்கள். கல்லாவின் அந்தப் பக்கத்தில் ஒருநாளும் நின்றதில்லை. கடன் கைக்கு வந்ததும் கரைந்துபோக, பலர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மீண்டும் மலைவேலை தேடிப் போனார்கள்.

இங்கே எஞ்சிய கடைகளுக்கு நெருப்பு காத்திருந்தது. 1977 இலும், அதைவிடக் கொடிதாக 1983 ஜூலையிலும் தமிழர் கடைகள் தாக்கப்பட்டன. நுவரெலியா, பதுளை, கண்டி நகரங்களில் அந்த ஜூலையில் கடைகள் வரிசையாக எரிந்தன. எரிந்தவற்றுள் பற்றுப் புத்தகங்களும் அடக்கம். ஒரு தோட்டத்தில் எவர் என்ன வாங்கினார், எந்த மாதம் சம்பளம் போதவில்லை, எந்த வீட்டில் திருமணம், எந்த வீட்டில் சாவு என்பதையெல்லாம் அந்தப் புத்தகங்களைப் போலச் சொல்லக்கூடிய ஆவணம் வேறு இல்லை. பல வணிகர்கள் அதன்பின் திரும்பவில்லை.

இன்னொருமுறையும் அணை வந்தது. 2012 இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்மாற்றப்பட்டன. இம்முறை ஊர்வலமும் எதிர்ப்பும் இருந்தன. 1969 இல் மஸ்கெலியாவுக்காகக் குரல் கொடுக்கத் தொழிலாளரிற் பெரும்பாலோருக்கு வாக்கே இருக்கவில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்று மலையகத்து இளைஞர்கள் கொழும்புக்குச் சென்று புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலைக்கு நிற்கிறார்கள். பாட்டன் வாடிக்கையாளனாக நின்ற கல்லாவுக்கு மறுபக்கத்தில் பேரன் சம்பளத்துக்கு நிற்கிறான். இதை முன்னேற்றம் என்பதா, இன்னொரு இடப்பெயர்வு என்பதா என்று எனக்குத் துணிந்து சொல்ல இயலவில்லை.

2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். கூட்டங்கள் நடந்தன, மலர்கள் வெளிவந்தன. அவற்றில் கடைவீதிக்குக் கிடைத்த இடம் சொற்பமே. எனவே உலகெங்கும் பரந்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் ஒரு கடைச் சீட்டு, பழைய நாட்காட்டி, பாதி கிழிந்த பற்றுப் புத்தகம் எதுவேனும் கிடக்கலாம். தயவுசெய்து அதை எறிந்துவிடாதீர்கள். யாரிடம் வாங்கியது, எந்தத் தெருவில் அந்தக் கடை இருந்தது என்று பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மஸ்கெலியாவின் கடைவீதியைக் காண நாம் வறட்சிக்குக் காத்திருக்கவேண்டியிருக்கிறது. மற்றக் கடைவீதிகளுக்கும் அந்த நிலை வரவேண்டாம்.