கட்டம் கட்டமாய்த் தெரிந்த தமிழ்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குத் தமிழ் எழுத்தின் அச்சு வரலாற்றோடு நெடுநாள் உறவு உண்டு. 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானபோது கைப்பற்றப்பட்ட அச்சுப்பொறி, ஃபப்ரீசியஸ் என்ற லுத்தரன் போதகரின் பொறுப்பில் இச்சாலையை ஒட்டிய வேப்பேரியில் நிறுவப்பட்டது. சாலையின் நகர்ப்பகுதி இன்று ஈ.வெ.ரா. பெரியாரின் பெயரைத் தாங்குகிறது. அவர் 1935இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளையே தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. சாலையின் மறுமுனையான பூந்தமல்லியிலும் அதன் பகுதியான கரையான்சாவடியிலும் பேர்பெற்ற அச்சகம் எதுவும் எழவில்லையாயினும், அச்சுக்கும் சீர்திருத்தத்துக்கும் பின், ஈயத்தை விட்டு எழுத்து கணினித் திரைக்கு ஏறிய மூன்றாம் கட்டத்தின் வரலாறு இத்தகைய புறநகர்க் கூட்டுச்சாலைகளின் சிறு கடைகளில்தான் மிகுதியும் நடந்தது. அதை எழுத முற்படுவோர் மென்பொருள் செய்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு கடைக்காரர்களை விட்டுவிடுவது வழக்கம். அது பாதி வரலாறே ஆகும்.

நீதிமன்றம், சார்பதிவாளர் அலுவலகம், நகராட்சி அலுவலகம் ஆகியவை உள்ள ஊர்களில் தட்டச்சர்களுக்கும் பத்திர எழுத்தர்களுக்கும் எப்போதும் வேலை இருந்தது. 1990களில் அவர்களுக்கு அருகிலேயே 'டி.டி.பி.' என்ற பலகையுடன் கடைகள் தோன்றின. மேசைக் கணினி ஒன்றிலேயே எழுத்துக் கோத்து, பக்கம் வடிவமைத்து, அச்சுக்கு அனுப்பும் முறையே டி.டி.பி. எனப்பட்டது. திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மனு, பள்ளி வினாத்தாள் என்று இக்கடைகளின் வேலை பெரும்பாலும் தமிழில் இருந்தது. கணினியோ தமிழுக்கென்று செய்யப்பட்டதன்று.

அன்றைய கணினி ஓர் எழுத்தை எட்டு பிட் கொண்ட ஓர் எண்ணாகச் சேமித்தமையால், மொத்தம் 256 இடங்களே கிடைத்தன. அவற்றின் முதற்பாதியை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் எடுத்துக்கொள்ள, எஞ்சியவை 128. தமிழ் எழுத்துகளோ 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247. இவற்றோடு கிரந்த எழுத்துகளும் சேரும். எனவே எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் கொம்பு, கால், சுழி போன்ற துண்டுகளைத் தனித்தனி இடங்களில் வைத்து, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி எழுத்தை உருவாக்கினர். உகர, ஊகார வரிசைகள் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் அவற்றுக்கு மட்டும் முழு வடிவங்கள் தேவைப்பட்டன. எந்தத் துண்டை எந்த எண்ணில் வைப்பது என்பதற்குப் பொதுவிதி இல்லாமையால், ஒருவர் 'அ'வை வைத்த இடத்தில் மற்றொருவர் 'ழ'வை வைத்தார். ஒவ்வொருவரும் தம்மளவில் சரியாகவே செய்தனர். குழப்பம் கோப்பு கைமாறும்போதுதான் தெரிந்தது.

இதைச் செய்தவர்களுள் பலர் வேறு துறைகளில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் நிரல் எழுதியவர்கள். கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்ற தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒளிவேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி விலையின்றி அளித்தார். சோதனைச்சாலையில் அளவீட்டு முறை ஒன்றாக இல்லாவிடில் இருவர் முடிவுகளை ஒப்பிட முடியாது என்பதை அறிவியலாளர் நன்கறிவர். எழுத்துக் குறியீட்டை ஒன்றாக்க வேண்டும் என்ற முயற்சியில் இவரைப் போன்றோர் முன்னின்றது தற்செயல் அன்று. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டு வகுத்த 'திஸ்கி' என்ற குறியீட்டு முறையில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்க, மேற்பாதியில் தமிழ் அமர்ந்தது.

கரையான்சாவடி போன்ற இடங்களின் கடைகளுக்குத் திஸ்கி வந்து சேரவில்லை. அங்கே நிலைபெற்றவை புனேயிலிருந்து வந்த ஸ்ரீலிபியும், அரசு அலுவலகங்களில் வேரூன்றிய வானவில் மென்பொருளின் அவ்வையார் எழுத்துருவும் போன்றவையே. ஒரு கடையில் கோத்த கோப்பை வேறு எழுத்துரு உள்ள கடையில் திறந்தால், திரையில் ஆங்கில எழுத்துகளும் உச்சிக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் கட்டங்களும் கலந்து நின்றன. இதைக் கடைக்காரர்கள் 'ஜங்க்' என்றனர், வாடிக்கையாளர்கள் 'பாக்ஸ் பாக்ஸா வருது' என்றனர். எந்த நூலும் சொல்லித்தராத இச்சிக்கலுக்குக் கடைகளே சில நடைமுறைகளை வகுத்துக்கொண்டன. கோப்போடு எழுத்துருவையும் அதே தட்டில் பதிந்து கொடுப்பது, எழுத்துருவின் பெயரைக் கோப்புப் பெயரிலேயே சேர்த்துவிடுவது, எல்லா நிறுவனங்களின் எழுத்துருக்களையும் சேகரித்து ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்வது ஆகியன பொது வழக்கங்களாயின. கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் செய்த அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்புமுன் 'கர்வ்' ஆக்கினார்கள். அதாவது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றினார்கள். அதன்பின் எந்தக் கணினியிலும் மணமக்கள் பெயர் உருக்குலையாது; ஆனால் ஒற்றுப்பிழை ஒன்று கண்ணில் பட்டாலும் அதைத் திருத்த வழியில்லை, ஆதலால் கர்வ் ஆக்காத பிரதி ஒன்றைத் தனியே வைத்திருப்பது அனுபவசாலிகளின் பழக்கமாயிற்று. இன்றைய மென்பொருள் வல்லுநர் மூலக்கோப்பையும் வெளியீட்டுக் கோப்பையும் பிரித்து வைக்கச் சொல்வதற்கு முன்பே இக்கடைகள் அதைச் செய்துகொண்டிருந்தன.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் பயனாக, தமிழ் மட்டும் கொண்ட 'டாம்', தமிழும் ஆங்கிலமும் கொண்ட 'டாப்' என்ற இரு குறியீடுகளையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் அரசு அறிவித்தது. இவ்விசைப்பலகை நுட்பமான சிந்தனையின் விளைவு: உயிர் ஒருபுறமும் மெய் மறுபுறமும் அமைய, 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாக 31 விசைகளில் 247 எழுத்தும் அடங்கின, ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். தட்டச்சுப்பொறி முறையில் 'கொ' என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று முறை அடிக்க வேண்டியிருக்க, இங்கே ககரமும் ஒகரமுமாக இரண்டே போதும். ஆயினும் கடைகளில் வேலைக்கு வந்தவர்கள் தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலையும் முதுநிலையும் தேறியவர்கள்; அவர்கள் விரல்கள் பழைய அமைப்புக்குப் பழகியிருந்தன. பக்கம் எண்ணிக் கூலி பெறுபவர் புதியது கற்க வேகத்தை இழக்கத் துணியாமையைப் பிற்போக்கு என்று எழுதுவது அநீதி.

இதற்கிடையே ஒருங்குறி, அதாவது உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு, 1991லேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்தை ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றிய இவ்வொதுக்கீட்டில் உயிர்மெய்களுக்குத் தனி இடமில்லை. மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தே எழுத்தாகும். விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு இதற்கு ஆதரவளித்தது. ஆனால் டி.டி.பி. கடைகளின் உயிர்நாடியான பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது; ஒருங்குறியை அது அறியவே இல்லை. ஆகவே மின்னஞ்சலில் ஒருங்குறியும் அச்சில் பழைய எழுத்துருவுமாகப் பல்லாண்டுகள் இரட்டை வாழ்க்கை நடந்தது. இரண்டுக்கும் நடுவே மாற்றித் தரும் நிரல்கள் பெருகின. எளிய பணி போலத் தோன்றும் இதில் ஒரு கண்ணி உண்டு. பழைய எழுத்துருக்கள் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன் சேமிக்க, ஒருங்குறி ஒலி வரிசையில் மெய்க்குப் பின் சேமிக்கிறது. வெறுமனே எண்ணுக்கு எண் மாற்றியவர்களின் கோப்புகளில் கொம்புகள் புள்ளிவட்டத்தின் அருகே அநாதையாய் நின்றதற்கு இதுவே காரணம்.

ஒருங்குறி வந்தபின் தொல்லை ஒழிந்ததென்று கருதுவோர், தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்திப் பார்த்தால் போதும். எண் வரிசையை மட்டும் பின்பற்றும் நிரல், னகரத்தை நகரத்துக்கு அடுத்தும் றகரத்தை ரகரத்துக்கு அடுத்தும் வைக்கும்; புள்ளியின் எண் பெரிதாதலால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னே போய்விடும். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் இரு எண்களாகவும் சேமிக்கலாம் என்பதால், கண்ணுக்கு ஒன்றேயான இரு சொற்களைத் தேடுபொறி வேறு வேறாகக் கொள்ளக்கூடும். ஶகரம் ஒருங்குறியில் 2005இல்தான் சேர்க்கப்பட்டது. அதனால் அழைப்பிதழின் தலைப்பில் வரும் ஸ்ரீக்கும் இரு வடிவங்கள் உள்ளன. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் கிடைக்க, தமிழுக்கு 70 மட்டுமே. அதிலும் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து இடங்களைப் பிடிக்கும். இம்மூன்றெழுத்தை மூன்றாகவே எண்ணித் தருவதற்கென்று 'ஓப்பன்-தமிழ்' போன்ற நிரல் தொகுப்புகள் எழுதப்பட்டன; எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை அதில் முக்கியப் பங்காற்றினார்.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்ற மாற்றுமுறையை, 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இலக்கணப்படி அது அழகான ஏற்பாடு, வரிசைப்படுத்தலும் எளிதாகும். ஆனால் கைப்பேசிகளும் உலாவிகளும் ஒருங்குறியின் பொதுக்கட்டத்தை ஏற்றுவிட்ட பிறகு, தனிப் பயன்பாட்டுப் பகுதியில் அமர்ந்த ஒரு குறியீட்டை யார் திறந்து படிப்பது என்ற கேள்விக்கு அதன் ஆதரவாளர்கள் நிறைவான விடை தரவில்லை.

கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிவைத்த மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் தட்டச்சில் மின்பதிப்பாக்கியது. திஸ்கியில் வந்த அதன் நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எந்த எண்ணில் எந்தத் துண்டு இருக்கிறதென்ற பட்டியல் பொதுவில் இருந்தமையால் அம்மாற்றம் முடிந்தது. டி.டி.பி. கடைகளின் பழைய வன்தட்டுகளில் தங்கிவிட்ட ஊர் மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், சிறுபத்திரிகைகள் ஆகியவற்றுக்கும் அதே வழி உண்டு: எழுத்துருவின் பெயர் கோப்பில் குறிக்கப்பட்டிருந்தால் அவற்றை இன்றும் மீட்கலாம். கர்வ் ஆக்கிய பிரதி மட்டும் எஞ்சியிருந்தாலோ, எழுத்துணரி கொண்டு படமாகப் படித்துப் பிழைதிருத்துவதே வழி.