வலை நுட்பம் வளர்ந்த மாதக் கூட்டங்கள்

கணினி தெரிந்தவர்கள் அவ்வப்போது ஓரிடத்தில் கூடி, ஒருவர் கற்றதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வழக்கம் வலையைவிட மூத்தது. 1955-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஐபிஎம் 704 இயந்திரத்தைப் பயன்படுத்தியவர்கள் ‘ஷேர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரே நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதி அல்லாடுவதைத் தவிர்ப்பது அதன் நோக்கம். நிறுவனங்களின் கூட்டமாக இருந்த இந்த வழக்கம் தனிமனிதர்களின் கைக்கு வந்தது 1975 மார்ச் 5 அன்று, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில். கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் ஷெட்டில் அன்று ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் முதன்முறையாகக் கூடியது.

கூட்டம் பெருகி, ஸ்டான்ஃபோர்டின் முடுக்கி ஆய்வு மையத்து அரங்கத்துக்கு இடம் மாறியபோது, அதை நடத்தும் பொறுப்பு லீ ஃபெல்சென்ஸ்டீனிடம் வந்தது. அவர் கூட்டத்தை இரண்டு பகுதிகளாக நடத்தினார். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று அவரவர் எழுந்து சபையில் சொல்வது முதல் பகுதி. அதில் காதில் விழுந்ததை வைத்து, வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசுவது இரண்டாவது. ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் 1 கணினியின் சுற்று வரைபடத்தைப் பிரதியெடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது இந்தக் கூட்டங்களில்தான். மேடையில் பேசுபவருக்கும் கீழே உட்கார்ந்திருப்பவருக்கும் இடையே பெரிய தூரம் கிடையாது என்ற பழக்கத்தைப் பிற்காலத்துக் குழுக்கள் இங்கிருந்தே பெற்றன.

வலையின் தொடக்க நாட்களிலும் ஒரு செயல்விளக்கத்துக்கு இடமுண்டு. 1991 டிசம்பரில் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் நடந்த மீயுரை மாநாட்டுக்கு, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. இயக்கிக் காட்ட மட்டும் இடம் கிடைத்தது. மாநாடு நடந்த ஓட்டலில் இணைய இணைப்பு இல்லை. அவரும் உடன் பணியாற்றிய ராபர்ட் கயோவும் தொலைபேசிக் கம்பியை அரங்குவரை இழுத்து, அருகிலிருந்த பல்கலைக்கழகத்தின் வழியாக இணைப்பு வாங்கினார்கள். கொண்டுவந்த மோடம் கணினியோடு பொருந்தவில்லை. அதைப் பிரித்துப் பற்றவைத்த பிறகுதான் திரையில் பக்கம் வந்தது. டெமோவுக்குக் கால் மணி நேரம் முன்பு கேபிளோடு மல்லுக்கட்டியிருக்கும் எந்தப் பேச்சாளரும் அந்தப் பதற்றத்தை உடனே உணர்ந்துகொள்வார்.

1993 ஏப்ரல் 30 அன்று, வலை உருவான செர்ன் ஆய்வுக்கூடம் வலையின் நிரல்களைப் பொதுவுடைமையாக்கியது. அதன்பின் வலைத்தளம் கட்டும் வேலை, படிப்பிக்க ஆளில்லாத தொழிலாக விரைந்து பரவியது. பாடத்திட்டம் அச்சேறுவதற்குள் நுட்பம் மாறிவிடும். உலாவியில் எந்தப் பக்கத்தின் மூல நிரலையும் திறந்து பார்க்கலாம் என்பதால் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தை உள்ளூர்ப் பேச்சுகள் நிரப்பின.

தொடக்கத்தில் வலைத்தளங்களின் பின்புறத்தில் ஓடிய நிரல்களில் கணிசமானவை பெர்ல் மொழியில் எழுதப்பட்டவை. அதனால் 1997-இல் நியூயார்க்கில் தோன்றிய பெர்ல் மாங்கர்ஸ் குழுவும், அதைப் பார்த்துப் பல நகரங்களில் முளைத்த குழுக்களும் வலை நுட்பத்தின் பள்ளிக்கூடங்களாகவே இயங்கின. பெர்ல் ஆர்வலர்களின் 2000-ஆம் ஆண்டு மாநாட்டில் மார்க் ஜேசன் டோமினஸ் மின்னல் பேச்சு என்னும் வடிவத்தை அறிமுகம் செய்தார். பேச்சுக்கு ஐந்தே நிமிடம். மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். ஒரு மணி நேரம் பேசத் தயங்கும் புதியவர் ஐந்து நிமிடத்துக்குத் துணிவார். குழுக்களுக்குப் புதுப் பேச்சாளர்களைத் தேடித் தந்ததில் இந்தச் சிறிய ஏற்பாட்டின் பங்கு மிகப் பெரிது.

உள்ளூர்க் கூட்டம் எவ்வளவு கனமான விஷயத்தைத் தாங்கும் என்பதற்குச் சிகாகோ நல்ல சான்று. 2005 டிசம்பர் 3 அன்று அந்நகரின் பைத்தான், ரூபி நிரல்மொழிக் குழுக்கள் சேர்ந்து டிபால் பல்கலைக்கழகத்தில் ‘ஸ்னேக்ஸ் அண்ட் ரூபீஸ்’ என்ற நிகழ்வை நடத்தின. கன்சாஸ் மாநிலத்து உள்ளூர் நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி, அந்த ஆண்டு ஜூலையில் வெளியான பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோவைப் பற்றி அட்ரியன் ஹொலோவாட்டி பேசினார். ரூபி ஆன் ரெயில்ஸ் பற்றி டேவிட் ஹைன்மையர் ஹான்சன். பிற்பாடு எண்ணற்ற வலைத்தளங்களைத் தாங்கப்போகும் இரண்டு கட்டமைப்புகளையும் அவற்றை உருவாக்கியவர்களே எதிரெதிரே வைத்து விளக்கினார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பிய நிரலாளர்களுக்கு இதைவிட நேரான வழி இருந்திருக்க முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில் பார்கேம்ப் என்ற கூட்ட வடிவம் பிறந்தது. அதில் முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் வகுப்பதில்லை. வந்தவர்கள் தலைப்பை எழுதிச் சுவர்க் கட்டத்தில் ஒட்டினால் அதுவே அன்றைய நிகழ்ச்சி. 2006-இல் டெல்லியிலும் சென்னையிலும் பார்கேம்ப் நடந்துவிட்டது.

சென்னைக்கு இத்தகைய கூட்டங்கள் புதியவை அல்ல. 1998-இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, ஐஐடி வளாகத்தில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் கூடிவந்தது. டயல்-அப் இணைப்பில் ஒரு மென்பொருளை இறக்க இரவெல்லாம் காத்திருந்த காலம் அது. ‘பிசி குவெஸ்ட்’ இதழோடு வந்த லினக்ஸ் சிடி கைமாறிப் போகும். இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமமானதைப் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். அப்பாச்சி, பிஎச்பி, மைசீக்குவெல் என்று வலைக்கு வேண்டிய அடிப்படைகள் எல்லாம் லினக்ஸின் மேல் ஓடியதால், லினக்ஸ் கற்க வந்தவர் வலைத்தளம் அமைக்கவும் கற்றுக்கொண்டு போவது இயல்பாயிற்று.

காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் இத்தகைய குழுக்கள் எழுந்தபோது பேச்சுகளின் மொழியும் மாறியது. ஸ்லைடில் ஆங்கிலம் இருந்தாலும் விளக்கம் தமிழில் வந்தது; ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்ட கல்லூரி மாணவர்களும் கேள்வி கேட்டார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு அரங்குகளைப் பூட்டியதும் குழுக்கள் காணொளிக் கூட்டங்களுக்கு நகர்ந்தன. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் தமிழ்ப் பேச்சுகள் அதன்பின் ஊர் எல்லையைத் தாண்டி, இணைப்பு உள்ள எவரும் வந்து கேட்கும் கூட்டங்களாயின.