கரிசலும் கரியும்: ஒரு சொல், இரு மண், ஒரு வகைப்பாட்டு வரலாறு

மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே, கப்பல் வழிக்கு அப்பால் கிடக்கும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி மனிதர் ஆக்கியது. 1920-இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, அடுத்த இருபது ஆண்டுகளில் காயலின் அடியிலிருந்து தோண்டியெடுத்த சேற்றையும் மணலையும் கொட்டி அத்தீவு எழுப்பப்பட்டது. துறைமுகப் பொறியாளருக்கு அந்தச் சேறு அகற்ற வேண்டிய தூர். வைப்பினிலும் சுற்றுத் தீவுகளிலும் நெல் விதைக்கும் உழவருக்கு அதே சேறு பொக்காளி வயல். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது 'நிலம்' என்ற ஒற்றைச் சொல். மண்ணியலாளருக்கோ கந்தகச் சேர்மங்கள் கொண்ட, வடிகாலற்ற களிமண். ஒரே பொருள் நான்கு பெயர் பெறும்போது, எந்தப் பெயர் எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்று கேட்பது வெறும் சொல்லாராய்ச்சி ஆகாது. அந்த வயலில் நாளை நெல் நிற்குமா, கட்டடம் நிற்குமா என்பது அவற்றுள் எந்தப் பெயர் செல்லுபடியாகிறது என்பதைப் பொறுத்தது.

மண்ணை வகைப்படுத்தும் வழக்கம் தமிழில் பழமையானது. எனினும் தொல்காப்பியத்தின் நிலப் பாகுபாட்டை மண் வகைப்பாடு எனக் கொள்வது பொருந்தாது. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகியவை வாழிடங்கள். மண்ணின் தன்மைக்கு நெருங்கிய பாகுபாடு சங்கப் பாடல்களில் வரும் வன்புலம், மென்புலம் என்னும் இணையில் உள்ளது. உவர், களர் போன்ற சொற்கள் விளையாத மண்ணைக் குறித்தன. கல்லாதவரைக் களருக்கு ஒப்பிடும் குறள், அச்சொல் விளக்கம் வேண்டாத அளவுக்குப் பொதுவழக்கில் இருந்ததைக் காட்டுகிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலம் 'தரம்' பிரிக்கப்படுகிறது. தரம் இடப்படாதது 'தரமிலி' எனப்படுகிறது. இங்கு வகைப்பாட்டின் நோக்கம் மாறிவிடுகிறது. வன்புலம் என்றவர் மண்ணைப் பற்றிப் பேசினார். தரம் என்றவர் வரியைப் பற்றிப் பேசினார். நன்செய், புன்செய் என்னும் சொற்களிலும் இதே மதிப்பீடு உறைந்திருக்கிறது. நீர் பாயும் வயல் 'நல்' செய்; மழையை நம்பிய வயல் 'புல்லிய' செய். மண்ணின் இயல்பை இச்சொற்கள் சொல்வதில்லை.

ஐரோப்பியர் வருகைக்குப் பின் இக்கடற்கரையில் முதலில் பெருமளவில் வகைப்படுத்தப்பட்டவை தாவரங்கள். டச்சுக்காரர் 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய பின், மலபாரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ மருத்துவரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி மருத்துவர் மூவரும் அதற்குத் தகவல் தந்தனர். தாவரங்களுக்கு உள்ளூர்ப் பெயர் கிடைத்தது; அவை வேரூன்றிய மண் அந்நூலில் தனிப்பொருளாக வகை பெறவில்லை.

மண்ணின் முறை 1800-ஐ ஒட்டி வந்தது. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர், கன்னடம், மலபார் பகுதிகளைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கனன், அங்காடிப்புரத்தில் ஒரு விசித்திரமான பொருளைக் கண்டார். மண்ணுக்குள் இருக்கையில் இரும்புக் கருவியால் எளிதில் வெட்டலாம். வெட்டிக் காற்றில் வைத்தால் செங்கல் போல இறுகும். கேரளத்தில் இன்றும் வீடு கட்டப் பயன்படும் வெட்டுகல் அதுவே. 1807-இல் வெளியான பயண நூலில் அதற்கு 'லேட்டரைட்' எனப் பெயரிட்டார். 'லேட்டர்' என்பது லத்தீனில் செங்கல். இப்பெயர் அவருடைய கற்பனையில் பிறந்ததன்று. உள்ளூர் மொழிகளில் அதை 'இட்டிக கல்லு', அதாவது செங்கல்-கல், என்று அழைப்பதை அவரே குறித்திருக்கிறார். மொழியியல் நோக்கில் லேட்டரைட் ஒரு மொழிபெயர்ப்புக் கடன். பிரேசில் முதல் ஆப்பிரிக்கா வரை பரவிய ஓர் அறிவியல் கலைச்சொல், மலபாரின் கல்வெட்டும் தொழிலாளர் வாயிலிருந்து லத்தீனுக்குப் பெயர்ந்தது.

இது தனி நிகழ்வும் அன்று. மண்ணியலின் தொடக்ககாலக் கலைச்சொற்கள் பலவும் உழவர் சொற்களே. வசிலி தொகுச்சயெவ் 1883-இல் எழுதிய நூலின் மையமான 'செர்னோசெம்' ரஷ்ய உழவரின் 'கருமண்'. இந்தியக் கரிசலுக்கு ஆங்கில நூல்கள் வழங்கிய 'ரேகர்' என்னும் பெயர் தெலுங்கின் 'ரேகடி'யிலிருந்து வந்தது. கரிசல் போன்ற நிலங்களில் காணப்படும் மேடுபள்ள அமைப்புக்கு வழங்கும் 'கில்காய்' ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிச் சொல். 1893-இல் வோல்க்கரும் 1898-இல் லெதரும் இந்திய மண்ணை வண்டல், ரேகர், செம்மண், லேட்டரைட் என நான்கு பெரும்பிரிவுகளாகப் பகுத்தபோது, அவற்றுள் இரண்டின் பெயர் தென்னிந்திய மொழிகளின் வழி வந்ததாக இருந்தது.

உள்ளூர்ச் சொல்லின் வலிமை இது என்றால், அதன் எல்லையை ஒரு தமிழ்-மலையாள இணை தெளிவாகக் காட்டுகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்து மண் 'கரிசல்'. வைக்கம், குட்டநாடு பகுதிகளில் கடல்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ கிடக்கும் மண் 'கரி'. இரண்டும் கருமை என்னும் ஒரே அடியில் பிறந்தவை. இரண்டும் களி மிகுந்தவை. நிறத்தையும் இழைநயத்தையும் மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இரண்டும் ஒரே வகை. உண்மையில் இவற்றைவிட மாறுபட்ட இரு களிமண்களைக் காண்பது அரிது.

கரிசல் சுண்ணாம்பு கலந்தது, காரத்தன்மை உடையது. இவ்வளவு கருத்திருந்தும் அதன் கரிமச் சத்து குறைவு. ஈரத்தில் உப்பிக் காய்கையில் சுருங்கும் ஸ்மெக்டைட் களிக்கனிமமே அதன் இயல்பைத் தீர்மானிக்கிறது. கோடையில் அதில் ஆழ்ந்த வெடிப்புகள் விழும். மேல்மண் வெடிப்புக்குள் சரியும். மழையில் மண் உப்பி ஒன்றையொன்று நெருக்க, அடியில் வழவழப்பான உராய்வுத் தளங்கள் உண்டாகும். கரி மண்ணின் கருமையோ புதைந்து மட்கிய மரமும் கரிமப் பொருளும் தந்தது. அது நீருக்கடியில் இருக்கும்வரை அடங்கியிருக்கும். நீரை வடித்துக் காற்றுப்பட விட்டால், அதிலுள்ள பைரைட் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகும். அமில கார அளவு 4-க்கும் கீழே இறங்கும். நெதர்லாந்து உழவர் தம் நாட்டில் இத்தகைய மண்ணைப் 'பூனைக் களி' என்று அழைத்தனர்.

உள்ளூர் மக்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. கரிசல்காட்டுக்காரர் கரி நிலத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. ஒரு பெயர் அது பிறந்த நிலத்துக்குள் போதுமானது. இரு நிலங்களை ஒப்பிட வேண்டி வரும்போதுதான் பொது அளவுகோல் தேவைப்படுகிறது.

அந்த அளவுகோலை உருவாக்கிய முயற்சிகளுள் பெரியது அமெரிக்காவில் நடந்தது. அங்கும் முதலில் நிலத்தோற்றமே பெயராயிற்று. 1938-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 'பிரெய்ரி மண்' ஒரு பெரும்பிரிவு. பிரெய்ரி என்பது புல்வெளி. ஆனால் புல் முளைத்த இடமெல்லாம் ஒரே மண்ணாக இல்லை. டெக்சாசின் கரும்புல்வெளியில் உள்ள 'ஹூஸ்டன் பிளாக்' மண் நம் கரிசலின் நெருங்கிய உறவினர்: சுண்ணாம்பு கலந்த பழங்காலக் களிப்பாறையிலிருந்து உருவான, மிக ஆழமான, வெடிக்கும் களி. இதன் வடிகால் 'மிதமான நல்ல வடிகால்' எனக் குறிக்கப்படுகிறது. நீர் ஊடுருவும் வேகமோ 'மிக மெது'. இரண்டும் முரண்போலத் தோன்றலாம். ஊடுருவும் வேகம் மண்ணின் உள்ளியல்பு. வடிகால் வகுப்பு என்பது ஆண்டில் எவ்வளவு காலம், எந்த ஆழத்தில் மண் நீரில் ஊறிக் கிடக்கிறது என்பதன் அளவு. அதில் நிலத்தின் சாய்வும் மழையும் கடல்மட்டமும் பங்கேற்கின்றன. சரிவான நிலத்துக் களி மிதமாக வடியலாம். காயலோரக் களி வடியவே வடியாது. களி என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

1960-இல் 'ஏழாவது தோராயம்' என்ற பெயரில் வெளியாகி, 1975-இல் முழுநூலான அமெரிக்க மண் வகைப்பாட்டை வழிநடத்தியவர் கை ஸ்மித். பெயர்களை அமைக்க அவர் செவ்வியல் மொழி அறிஞர்களின் துணையை நாடினார். இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹெல்லரும் கென்ட் பல்கலைக்கழகத்தின் லீமன்ஸும் கிரேக்க, லத்தீன் வேர்களிலிருந்து உறுப்புகளைத் தெரிந்தெடுத்தனர். ஹூஸ்டன் பிளாக் மண் 'யூடிக் ஹாப்லஸ்டர்ட்' ஆயிற்று. தமிழ்த் தொகைச்சொல்லைப் போலவே இதிலும் தலைமை உறுப்பு இறுதியில் நிற்கிறது: 'எர்ட்' என்றால் புரளும் களியாகிய வெர்டிசால், 'உஸ்ட்' என்றால் எரிந்தது, அதாவது வறண்ட பருவமுடையது, 'ஹாப்ல்' என்றால் எளியது, 'யூடிக்' என்றால் சற்று ஈரமான பக்கத்தது. காயலோரக் கந்தகக் களிகளுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'சல்ஃபாக்குவென்ட்': கந்தகம், நீர், அண்மையில் உருவானது. கருமை என்ற ஒரே அடியில் நின்ற இரு மண்களும் இந்தப் பெயர்களில் ஓர் உறுப்பைக்கூடப் பகிர்ந்துகொள்வதில்லை. இதுவே அம்முறையின் வெற்றி.

அதன் இழப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பொக்காளி உழவர் ஜூனில் பருவமழை உப்பைக் கழுவும்வரை காத்திருந்து, மேடு கூட்டி விதைத்து, அறுவடைக்குப் பின் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வேலியேற்ற நீரை மதகு வழியே விட்டு இறால் வளர்க்கிறார். மண்ணைக் காயவிடாமல் வைப்பதே இச்சுழற்சியின் உயிர்நிலை. உயரம் என்று பொருள்படும் 'பொக்கம்' என்னும் சொல்லோடு தொடர்புடைய பெயர் கொண்ட இந்நெல்லுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெல்லின் உவர் தாங்கும் திறனை ஆராய்ந்தவர்கள் 'சால்டால்' எனப்படும் மரபணுப் பகுதியைக் கண்டதும் பொக்காளியில்தான். ஒரு மண்ணை எப்படி நடத்த வேண்டும் என்ற அறிவை 'பொக்காளி' என்னும் பெயர் தன்னுள் கொண்டிருக்கிறது; சல்ஃபாக்குவென்ட் அம்மண் என்னவாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது.

சட்டம் இவ்விரண்டில் எதையும் கேட்பதில்லை. கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஒரு துண்டு நிலத்தின் எதிர்காலம், அது தரவு வங்கியில் நெல்வயலாக அறிவிக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாறு அறிவிக்கப்படாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி வேறு பயனுக்கு மாற்ற வழி தந்தது. வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் பாகுபாடு 'நிலம்', 'புரயிடம்' என்ற இரண்டே. தமிழில் பூமி முழுவதையும் குறிக்கும் 'நிலம்', கேரளப் பதிவேட்டில் நெல்வயலாகச் சுருங்கி நிற்கிறது. அதன் எதிர்ச்சொல் வீடும் தோட்டமும் அமையும் கரை. இந்த இருமைக்குள் கந்தகம் இல்லை, உப்பு இல்லை, ஓதமும் இல்லை. மண் நிரப்பி மேடாக்கப்பட்ட ஒரு வயல், காகிதத்தில் ஒரு சொல் மாறினால் கரையாகிவிடும். அடியிலுள்ள களி மாறுவதில்லை; தோண்டிக் காற்றுப்பட விட்டால் அது அமிலமாகும் என்ற செய்தி அந்தச் சொல் மாற்றத்தில் எங்கும் பதிவாவதில்லை.

தரம் பார்த்த சோழர் எழுத்தரும் இன்றைய பதிவேடும் ஒரே மரபைச் சேர்ந்தவர்கள்: நிலத்திலிருந்து எதைப் பெறலாம் என்பதே அம்மரபின் கேள்வி. வெட்டுகல், கரிசல், பொக்காளி என்று பெயரிட்டவர்களின் கேள்வி, மண் எப்படி நடந்துகொள்ளும் என்பது. நவீன மண்ணியல் அக்கேள்வியின் தொடர்ச்சி. அதன் முதல் சொற்களே அதற்குச் சான்று. தரவு வங்கியில் ஒரு துண்டைச் சேர்ப்பதா நீக்குவதா என்று முடிவெடுக்கும் மேசைக்கு, மண் அளவைத் துறையின் வரைபடமும் உழவரின் பெயரும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று மண்ணின் வேதியியலைச் சொல்லும்; மற்றொன்று அதனோடு வாழும் முறையைச் சொல்லும். 'நிலம்' என்னும் ஒற்றைச் சொல்லால் இவ்விரண்டையும் சொல்ல இயலாது.