கடன்பட்டுக் கற்ற பல்வைத்தியம்

விரும்பிய கல்விக்கு இடம் கிடைக்கிறது; அதற்குரிய பணமோ கையில் இல்லை. கடன்பட்டேனும் அதனை ஏற்பதா, இயன்றது போதுமென்று அமைவதா? பிரித்தானியாவிலே பயின்று தகைமை பெற்ற முதற் பெண் பல்வைத்தியராகிய லிலியன் மறேயின் வரலாறு இக்கேள்விக்கு ஒளி தருவதாகும்.

லிலியன் 1871ஆம் ஆண்டு லண்டன் மாநகரிற் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவர், புலமைப்பரிசில் பெற்றுக் கல்வி பயின்றார். அவரைச் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியையாக்க வேண்டுமென்பது தலைமையாசிரியை பிரான்சிஸ் பஸ் அம்மையாரின் எண்ணம். லிலியன் அதற்கு இணங்கவில்லை. பள்ளியின் உதவியை மேலும் பெறும் வழி அத்துடன் அடைபட்டது. பின்னர் அவர் ஒரு பல்வைத்தியரிடம் தொழில் பழகினார்.

அக்காலத்தில் பல்வைத்தியம் செய்வதற்குக் கல்லூரிக் கல்வி இன்றியமையாததாக இருக்கவில்லை. 1878ஆம் ஆண்டுச் சட்டம் பல்வைத்தியர் என்னும் பெயரை மாத்திரமே பதிவு பெற்றவர்களுக்கு உரியதாக்கியது. பதிவு பெறாதோர் தொழில் செய்வதைத் தடுத்த சட்டம் 1921ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆகவே, பொருட் செலவின்றிப் பிழைக்கும் வழியும் இருந்தது. லிலியன் அதனை நாடவில்லை.

1892ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள தேசிய பல்வைத்தியசாலைக்கு அவர் விண்ணப்பித்தார். பெண்ணொருவர் உள்ளே வருவதை விரும்பாத அதன் தலைவர், தெருவோர நடைபாதையில் நின்றே அவருடன் பேசி அனுப்பினார். எடின்பரோ நகரத்துக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. கல்விச் செலவைக் கடன் வாங்கியே சமாளிக்க வேண்டியிருந்தது. லிலியன் துணிந்து அக்கடனை ஏற்றார். 1895ஆம் ஆண்டில் தகைமைப் பத்திரமும் பெற்றார்.

கடனின் உண்மையான விலை அதன் பின்னரே தெரிந்தது. எடின்பரோவிலே றொபேட் லின்ட்சே என்னும் பல்வைத்தியரும் அவரும் ஒருவரையொருவர் விரும்பினர். எனினும், கடன் தீருமுன் மணம் புரிவதில்லை என்று லிலியன் உறுதி பூண்டார். லண்டனின் வடபகுதியிலே தனியாக வைத்தியநிலையம் அமைத்து உழைத்தார். திருமணம் நிகழ்ந்தது 1905ஆம் ஆண்டில்; தகைமை பெற்றுப் பத்து ஆண்டுகள் கழிந்த பின்னர்.

பிற்காலத்தில் பிரித்தானியப் பல்வைத்தியர் சங்கத்தின் நூலகத்தை அவர் உருவாக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பியர் போஷாரின் பெருநூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு வெளிவந்த 1946ஆம் ஆண்டிலேயே அச்சங்கத்தின் முதற் பெண் தலைவராகவும் விளங்கினார். 1960ஆம் ஆண்டில் மறைந்தார்.

இப்பெருமைகளைக் கொண்டு அவரது முடிவு சரியென்று கூறுதல் எளிது. ஆனால் 1892ஆம் ஆண்டில் இவற்றுள் ஒன்றேனும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கற்கும் தொழிலே கடனை அடைக்கும் ஆற்றல் தருமா, அதுவரை வாழ்வில் எதனைக் காத்திருக்கச் செய்ய வேண்டும் என்பனவே அன்று அவர்முன் நின்ற கேள்விகள். அவற்றுள் இரண்டாவதற்கு அவர் கொடுத்த விலை பத்து ஆண்டுகள். கல்விக்குக் கடன்படுவோர் பணத்தை எண்ணினாற் போதாது. அந்த ஆண்டுகளையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.